டென்னிசன் மாப்பிள்ளையின் மூக்கு

பார்லி என்றால் நம் பக்கத்தில் மூத்திரக்கடுப்புக்குக் கஞ்சி வைத்துக் குடிக்கிற சாமான். அதையே புளிக்கவைத்து, மரப்பீப்பாயில் ஒரு வருஷம் பூட்டிவைத்து, 'பார்லி ஒயின்' என்று பேர் ஒட்டித் தங்க விலைக்கு விற்கிறான் வெள்ளைக்காரன் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அவன்மேல் மரியாதைதான் வந்தது, இன்ஸ்பெக்டரம்மா. ஏமாற்றுவதென்றால் அப்படி ஏமாற்ற வேண்டும்.

நான் ரசலையன். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை ஜெபகனி இன்று காலையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்க மாப்பிள்ளைய நான்தான் கொன்னேன்" என்று அழுதிருக்கிறாள். அதை எழுதிக்கொண்டீர்களாம். அடித்துவிடுங்கள். கொலை செய்கிற அளவுக்கு அவளுக்கு விவரம் போதாது. ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்று அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்கிறவள் அவள்.

அவள் புருஷன் டென்னிசன் தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய மூக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூக்கு முதல் பஸ்ஸில் வரும், ஆள் அடுத்த பஸ்ஸில் வருவார். குளச்சலில் சாளை ஏலம் போனால், திங்கள்சந்தையில் கட்டிலில் படுத்துக்கொண்டே அது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவாராம். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு திராட்சை ஒயின் போடுவார்கள். முதல் கிளாஸ் போதகருக்கு இல்லை, டென்னிசனுக்கு. மோந்து பார்த்துவிட்டு, "கிராம்பு கூடிப்போச்சு பிள்ளே, பரணிய வெயில்ல காய வைக்கல்லியா?" என்பார். அந்தப் பெண்கள் தலையைக் குனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். ஆராதனையில்கூட அவ்வளவு பயபக்தி கிடையாது.

எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. கொரோனா வந்துபோன பிறகு என் மூக்கு கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும்தான் இருக்கிறது. மீன்குழம்பும் வெந்நீரும் எனக்கு ஒன்று. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அவர்தான் வருத்தப்பட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மச்சான், நான் ஒமக்குச் சேத்து மணத்திச் சொல்லுதேன், கேளும். குடம்புளி நல்லா ஊறியிருக்கு. கறிவேப்பில அரும்பு. அடியில வெளிச்செண்ண கருகுன ஒரு மணம், ஆஹா..." என்று தொடங்குவார். பார்வையில்லாதவனைக் கைபிடித்துக் கூட்டிப்போகிற தோரணை. நான் தலையாட்டுவேன். இல்லாத வாசனையை ஒருவன் எவ்வளவு நேரம் விற்க முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டென்னிசன் குடிப்பார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகும் சாயங்காலமானால் பிராந்தி. ஜெபகனி என்னிடம் வந்து, "அண்ணே, நிறுத்துகதுக்கு வல்ல மருந்தும் உண்டுமா?" என்று கேட்டாள்.

உண்டு. அது உடம்புக்குள் இருக்கும்போது மது ஒரு மடக்கு போனாலும் ஆள் பேயாட்டம் ஆடிவிடுவார். குடிக்கிறவருக்குத் தெரியாமல் அதைக் கொடுக்கக் கூடாது. இதயக்காரருக்குக் கொடுக்கவே கூடாது. இதைச் சொல்லி எத்தனையோ மனைவிமாரை மருந்து ஜன்னலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜெபகனியிடம் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கம் எனக்கு உதவியது. எவ்வளவு பெரிய குடிகாரனும் லெந்து நாட்களில் குப்பியைத் தொடமாட்டான். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை பரிசுத்தவான். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் கடைக்கு ஓட்டம். "இந்தப் பொடிய லெந்து முழுக்க ரசத்துல கலந்து குடு. அவரு தொடமாட்டாரு, பயமில்ல. ஈஸ்டருக்கு எனக்க வீட்டுக்கு அனுப்பு. ஒரே ஒரு ஸ்பூன் குடுப்பேன். ஓங்கரிச்சுட்டு, பெறகு ஜென்மத்துக்கும் தொடமாட்டாரு" என்றேன். அவள் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். மடச்சி.

இன்னொன்றும் நினைத்தேன். அது நிஜமான மூக்கென்றால் ரசத்தில் கலந்த பொடியைக் கண்டுபிடிக்கட்டுமே. நியாயமான பரீட்சைதானே?

அவருடைய மருமகன் வினோஜுக்குக் கப்பலில் வேலை. ஈஸ்டருக்கு வந்தவன், மாமனாரின் மூக்குக்குப் படையல் மாதிரி அந்தப் பார்லி ஒயின் குப்பியைக் கொண்டுவந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் என் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். குப்பியில் சீட்டு ஒட்டியிருந்த பக்கம் வினோஜ் பார்க்க இருந்தது. ஸ்பூன் கீழே அடுக்களையில் இருந்தது. எடுத்துவர நான் போகவில்லை.

ஊற்றினேன். கருப்பட்டிக் காப்பி நிறத்தில், எண்ணெய் மாதிரி கனமாக இறங்கியது. டென்னிசன் கண்ணை மூடி மோந்தார்.

"கொப்பரைத் தேங்காய்" என்றார். "கருப்பட்டி பாகு அடிப்பிடிச்சா வருமே, அது. உணக்க முந்திரிப்பழம். கடைசில, பழைய கோயில் அலமாரியத் தொறந்த மாதிரி ஒரு மர வாடை. மச்சான், ஒமக்குத்தான் சொல்லுதேன்."

வினோஜ் சீட்டை வாசித்துவிட்டு, "மாமா, அப்படியே போட்டிருக்கான்! தேங்காய், கருகின சீனி, காய்ந்த திராட்சை, மரம்" என்று துள்ளினான். எங்கேயோ முன்னாலேயே வாசித்திருப்பார். கண்ணாடி போடாமல் தன் பேரைக்கூட வாசிக்க முடியாத ஆள்தான், ஆனாலும் கள்ளனுக்கு வழியா இல்லை?

குடிக்கப் போனவர் கிளாசைத் தாழ்த்தினார்.

"மச்சான், ஒரு காரியம் கேக்கட்டா? கொஞ்ச நாளா வீட்டு ரசத்துல ஒரு மருந்து வாடை. எனக்க இருதயத்துக்கு ஜெபகனி வல்லதும் கலக்குகான்னு தோணுது. பாவம், பயந்து சாவுகா. கேட்டா சங்கடப்படுவான்னு நானும் மிண்டாம குடிச்சிட்டேன். ஒமக்குத் தெரியாத மருந்தா? இதோட சேந்தா கேடு உண்டுமா?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றவனை நம்புகிற முகம்.

"ஒரு கேடும் இல்ல, குடியும்" என்றேன். "பார்லிதானே. கஞ்சி வச்சாலும் குடிப்போம்."

குடித்தார். இரண்டாவது கிளாசும் நான்தான் ஊற்றினேன். முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. அதையும் அவர் ருசியில் சேர்த்துக்கொண்டார்.

"சூடு ஏறுது பாத்தியளா. அது பீப்பாய்க்க சூடு. முன்னால அதுல விஸ்கி வச்சிருப்பான்." கொஞ்சம் கழித்து, "நெஞ்சுல கொட்டு அடிக்கு. நல்ல வீரியம், கொள்ளாம்." அதற்கும் பிறகு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "காது எரியுது. இது என்ன ருசின்னு எனக்குப் பிடிகிட்டல்ல மச்சான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, இன்ஸ்பெக்டரம்மா. மறைப்பானேன்? உலகத்தில் எவனும் தன் சாவை இப்படி மடக்கு மடக்காக மோந்து வர்ணித்திருக்கமாட்டான்.

வினோஜ் எழுந்துவிட்டான். "பெரிய மாமா, காரை எடுக்கட்டா? ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இருல மக்கா. வாயு. மத்தியானம் ஆட்டுக்கறிய அடைச்சா அடைக்கத்தானே செய்யும்? காலை நீட்டிப் படுக்க வை" என்றேன். கம்பவுண்டர் சொன்னால் கேட்க வேண்டும் என்று அவனை வளர்த்திருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்டான். அவன் மறுபடி எழுந்தபோது காருக்கு வேலை இருந்தது, ஆஸ்பத்திரிக்கு இருக்கவில்லை.

இதயக்காரர், வயசானவர், விருந்து சாப்பிட்டவர் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டு அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் போதகர், நல்ல மணத்தை அறிந்த மனுஷன் என்று பிரசங்கித்தார். நான் பொறுத்துக்கொண்டேன். ஜெபகனி மட்டும் அடுக்களைப் பக்கமே போவதில்லை. "எனக்க ரசம், எனக்க ரசம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். இன்று உங்களிடம் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதுதான் முடியவில்லை. பொடி கலந்தது அவள் கை. அறிந்து செய்தது நான். அவளை விட்டுவிடுங்கள். எனக்கு உரியதை அவள் பேரில் எழுதாதீர்கள்.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஒரு கள்ளனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஊரே ஏமாந்து நின்றது, ஒருவனாவது சோதித்துப் பார்க்க வேண்டாமா? நான் பார்த்தேன். அடக்கம் முடிந்து வந்து, குப்பியில் மிச்சம் இருந்ததை அவருடைய கிளாசிலேயே ஊற்றினேன். அவர் மாதிரியே கண்ணை மூடி மோந்தேன். நாக்கில் வைத்து உருட்டினேன். குப்பி காலியாகிறவரை விடவில்லை.

கொப்பரை இல்லை. கருப்பட்டி இல்லை. மரம் இல்லை. ஒரு மண்ணும் இல்லை, இன்ஸ்பெக்டரம்மா. அவர் பொய் சொன்னார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?