இருபத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

ஹில்டா: இன்னா ஜோசப்பு, இன்னிக்காவது உடைஞ்சிச்சா?

ஜோசப்ராஜ்: உன் நம்பரா? கருங்கல்லு! இருபத்தொம்போது லட்சத்து ஒம்போதாயிரத்து அறுநூத்து அம்பத்து மூணு... எம்பத்தாறாம் வருசக் காலண்டர் பூரா பின்பக்கம் வகுத்துத் தள்ளிட்டேன். எதுல போட்டாலும் மீதி நிக்குது.

ஹில்டா: ரெண்டு நம்பரைப் பெருக்கித்தான் செஞ்சேன். மீதியில்லாம உடைச்சிக் காட்டு, பதில் சொல்றேன்.

ஜோசப்ராஜ்: கட்டிக்கிறியான்னு கேட்டா ஆமான்னுவாங்க, இல்லன்னுவாங்க. கணக்கு குடுத்த மொத ஆளு நீதான்.

ஹில்டா: லேத்து ஓட்டற ஆளுக்குப் பொறுமை கீதான்னு பாக்க வேணாவா? எது வரைக்கும் வந்த?

ஜோசப்ராஜ்: சாப்பாட்டு நேரத்துல ஆயிரத்து நானூத்து ஒம்போது. மீதி அறுபத்தெட்டு.

ஹில்டா: அடுத்தது?

ஜோசப்ராஜ்: ஆயிரத்து நானூத்து இருபத்து மூணு. நடுவுல கீறதெல்லாம் சின்ன நம்பர்லயே அடங்கிடும். இதுலயும் மீதி.

ஹில்டா: அதுக்கும் அடுத்தது?

ஜோசப்ராஜ்: ஐயே, கை வலிக்குது. திங்கக்கிழமை பாத்துக்கலாம்.

ஹில்டா: இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டா இன்னா?

ஜோசப்ராஜ்: ஏன்... அதுல இன்னா கீது?

ஹில்டா: ஒண்ணுமில்ல... திங்கக்கிழமைன்னா லேட்டு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் பூந்தமல்லிலேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க.

ஜோசப்ராஜ்: எங்க ஊர்லேர்ந்தா! யாரு அவன்?

ஹில்டா: நல்ல வேலையாம். ஆளுதான் கொஞ்சம் மந்தம்னாங்க.

ஜோசப்ராஜ்: நில்லு, நில்லு! ஆயிரத்து நானூத்து இருபத்தேழு! அதை ரெண்டாயிரத்து முப்பத்தொம்போதால பெருக்கணும்!

ஹில்டா: அது இன்னா நம்பருன்னு தெரியுதா?

ஜோசப்ராஜ்: மொதல்ல சொன்னது கம்பெனில எனக்குக் குடுத்த டோக்கன் நம்பரு. ரெண்டாவது உன்னுது. மீதி சைபர்.

ஹில்டா: எப்போ கண்டுபுடிச்ச?

ஜோசப்ராஜ்: நீ குடுத்த அன்னிக்கே. ரெண்டு, மூணுன்னு ஆரம்பிக்க சோம்பலா இருந்திச்சு. கையில பித்தளை டோக்கன் இருந்திச்சு, அதையே போட்டேன்.

ஹில்டா: அடப்பாவி! மூணு வாரமா காலண்டரைக் காட்டினியே!

ஜோசப்ராஜ்: உடைஞ்சிச்சுன்னு சொன்னா கம்பெனி கேட்லயே பஸ் ஏறிடுவ. இந்தக் கணக்குக்காகத்தானே தினம் மண்ணூர்பேட்டை வரைக்கும் கூட நடந்து வர...

ஹில்டா: அந்த ரெண்டும் பகா எண்ணு, தெரியுமா? ஒண்ணையும் அதே நம்பரையும் விட்டா வேற எதாலயும் வகுக்க முடியாது. நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற எந்த ஜோடி வச்சாலும் அந்த நம்பர் வராது. பெருக்கிப் பாத்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

ஜோசப்ராஜ்: அதை நாளைக்கு வர்றவன்கிட்ட சொல்லு! அவனை இன்னா பண்ணப் போற?

ஹில்டா: காபி குடுப்பேன். சட்டையை மட்டும் இஸ்திரி போட்டுக்கினு வரச் சொல்லு.

ஜோசப்ராஜ்: யாரை?

ஹில்டா: உன்னைத்தான்! கூட்டிக்கினு வரப்போறது உங்கம்மா லூர்தம்மாள். கணக்கு குடுத்த அன்னிக்கே அவங்ககிட்ட சரின்னு சொல்லிட்டேன்... நீ உடைக்கிற வரைக்கும் உன் காதுல போடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கினேன்.