வளைவில் நிற்கும் அலையாத்தி

— மாடில்டா, கார விட்டு எறங்கு. நீயே போயி சொல்லு. வரைஞ்சவ நீதானே?

— எழுதினவ நீதானே புனிதா? பேச்செல்லாம் உன் டிபார்ட்மெண்ட் லா. நான் படம் மட்டும்தான்.

— நல்லா இருக்குடி. “உங்க சாமி படத்தக் கழட்டுங்க”ன்னு சொல்றதுக்கு நானு, மால வாங்கிக்கறதுக்கு நீயா?

— சாமி இல்லடி அது! நம்ம காமிக்ஸ் அட்ட. யேசப்பா, எவ்ளோ பெருசா அடிச்சி மாட்டியிருக்காங்க பாரு. மேல தகரக் கூர வேற. கழுத்துல எலுமிச்சம்பழ மால. மூலையில என் கையெழுத்துகூட தெரியுது.

— மெதுவா பேசு. ஒருத்தர் வர்றாரு.

— வாங்க தாயி, வாங்க. வெயில்ல நிக்காதீங்க, நெழலுக்கு வாங்க. இந்தாங்க, கொண்டக்கடல. கைய நீட்டுங்க. நான்தான் இந்த எடத்தப் பாத்துக்கறேன். பேரு காளியண்ணன். முன்ன இந்தத் தோட்டத்துல, எண்ணெ ஆட்டற செம்பனக் குல ஏத்தற லோரி ஓட்டுனேன்.

— வணக்கம் அண்ணே. என் பேரு புனிதவதி. இவ மாடில்டா. புக்கிட் செந்தோசாவுலேர்ந்து வர்றோம். நாங்க கும்பிட வரல. ஒரு விசயம்…

— கும்பிடாட்டி என்னா? மொதல்ல எல்லாரும் வேடிக்க பாக்கத்தான் வருவாங்க. இவ யாருன்னு தெரியுமா தாயி? அலையாத்தி. ஆத்துல வுழுந்து செத்துப்போன பொண்ணு. முகத்துவாரத்துல அலையாத்தி மரம் நிக்கிதே, அதோட வேரு இவளத் தூக்கி உசுரு குடுத்துச்சி. அவ முடி பூரா வேரு. தண்ணி ஏறுற நேரத்துல அவ கைய நீட்டுனா கப்பலே நின்னுபோவும்.

— தண்ணி வத்துனா பலம் போயிரும். அத விட்டுட்டீங்க அண்ணே.

— ஆமா! உனக்கு எப்படித் தாயி தெரியும்?

— நான்தான் எழுதினேன். இவ வரைஞ்சா. அலையாத்திய உண்டாக்கினது நாங்க ரெண்டு பேருதான்.

— அடி ஆத்தே! நீங்களா? புஸ்தகத்துல “கதை புனிதா, படம் மாடி”ன்னு போட்டிருக்குமே, அந்த மாடி இந்த மாடியா? நான் யாரோ ஆம்பளன்னு நெனச்சிட்டேன். உக்காருங்க, உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துக்க தாயி.

— அப்ப காமிக்ஸ்னு உங்களுக்குத் தெரியுமா அங்கள்?

— தெரியாம? படம் என்னா மரத்துலயா காய்க்கிது? எனக்கு இவ கத தெரியும், இவ வந்த கத தெரியாது. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க.

— அண்ணே, நாங்க வந்தது வேற…

— வேற எல்லாம் அப்புறம். எங்க பொறந்தா இவ?

— ஃபேக்டரி பஸ்ஸுல அங்கள். எங்களுக்கு ஒரே ஷிஃப்ட். நான் தூங்கலாம்னு ஜன்னல்ல சாஞ்சா இவ விட மாட்டா. “கதையக் கேளுடி, கதையக் கேளுடி”ன்னு காதுல ஓதிக்கிட்டே வருவா. தூக்கம் போனதுதான் மிச்சம். சரின்னு வரைய ஆரம்பிச்சேன்.

— கதையக் கேளுங்க அண்ணே. ஞாயித்துக்கெழமப் பேப்பர் ஒன்னுல சிறுவர் பக்கம் இருந்துச்சி. அரப் பக்கம் குடுத்தாங்க, கறுப்பு வெள்ள. மொத வாரம் ஆசையாப் பிரிச்சிப் பாக்கறோம், பொண்ணுக்குப் பட்டுச் சேல கட்டி விட்டிருக்கு! ஆத்துல நீந்தறவளுக்கு!

— நான் வரைஞ்சது கைலியும் முழுக்கை சட்டையும். அந்த ஆசிரியர் ஐயா அவரே மையால மடிப்பு வெச்சிச் சேல கட்டிட்டாரு. பல்லையும் அழிச்சிட்டாரு. அதோட விட்டாரா? பேரையும் மாத்திட்டாரு. “ஜலமோகினி”யாம்!

— ஜலமோகினியா! வெளங்குமா?

— வெளங்கல. நான் அந்த ஆபீசுக்கே போயி, “ஐயா, அவ வேல செஞ்சி சாப்பிடற பொண்ணு, மோகினி இல்ல”ன்னு சண்ட போட்டேன். பிள்ளைங்களும் போன் போட்டுத் திட்டிச்சிங்க. பேரு திரும்பி வந்துச்சி. சேல மட்டும் கடைசி வரைக்கும் போகல.

— கடைசின்னா?

— பேப்பர மூடிட்டாங்க அங்கள். கத எங்க நிக்கிது தெரியுமா? மணல் திருடற மொதலாளியோட கப்பல அவ புடிச்சிக்கிட்டு இருக்கா. தண்ணி வத்திக்கிட்டே வருது. “அடுத்த வாரம்”னு போட்டாச்சி. அடுத்த வாரம் பேப்பரே இல்ல!

— அட பாவிங்களா. அவ கதி?

— அதத்தான் பாக்கற பிள்ளைங்க எல்லாம் கேட்டுச்சிங்க. விட முடியல. நாங்களே போட்டோஸ்டேட் எடுத்து, என் வீட்டுக் குசினியில உக்காந்து ஸ்டேப்ளர் அடிச்சி, புக்காப் போட்டோம். மொத வேலையா அந்தச் சேலைய அவுத்துட்டுக் கைலியக் கட்டிவிட்டா இவ.

— பசார் மாலாம் ராச்சந்தையில வித்தோம், தீமிதித் திருவிழாவுல வித்தோம். சர்ச் பெருநாள்லயும் வித்தோம். பூச முடிஞ்சி ஃபாதர் கூப்பிட்டு அனுப்புனாரு. “பேய்ப்படம் வரையறது நீதானா மாடில்டா?”ன்னாரு. நான் புக்க முதுகுக்குப் பின்னால ஒளிச்சிட்டேன். “அடுத்த புக்கு எப்ப வரும்?”னாரு.

— ஹாஹா! அந்தப் பச்ச நெறம், தாயி? அது எப்படி வந்துச்சி?

— அதக் கேக்காதீங்க அங்கள். மொதக் கலர் புக்கு. மாசக் கணக்கா உக்காந்து கலர் பண்ணது. அச்சடிச்ச எடத்துல மை தப்பாப் போயி, மொகம், கை, காலு எல்லாம் பாசி மாதிரி பச்ச! கட்டுக் கட்டா வந்து எறங்குது. நான் தரையில உக்காந்து அழுதேன்.

— இவ அழுதுக்கிட்டு இருக்கா, நான் கொண்டுபோயி வித்துட்டு வந்தேன். கதையக் கேளுங்க, அந்தப் புக்குதான் சீக்கிரமாத் தீந்துச்சி. “ஆத்துக்குள்ள கெடக்கறவ பச்சையாத்தானே இருப்பா”ன்னு பிள்ளைங்களே முடிவு பண்ணிருச்சிங்க. அன்னையிலேர்ந்து அவ பச்ச.

— நல்லதுதான் நடந்திருக்கு. ஆமாவா இல்லியா?

— ஆமாதான் அண்ணே. அப்புறம் கொரோனா வந்துச்சி, வெளிய விக்க முடியல. எல்லாத்தையும் போன்ல சும்மாவே போட்டோம். அப்பதான் ஊரெல்லாம் பரவுச்சி. மலாய்க்காரப் பசங்க அவங்களே மலாய்ல எழுதிப் போட்டுக்கிட்டாங்க.

— நானும் அப்பதான் பாத்தேன். சரி, இப்ப என்னா? நல்லா சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க, மொகம் ஏன் சுண்டிப்போச்சி?

— கோலாலம்பூர்ல ஒருத்தர் இருக்காரு, ரவீந்திரன்னு. எல்லாக் கதையும் சேத்து, கெட்டி அட்ட போட்டு, பெரிய புக்கா போடறேங்கறாரு. அப்புறம் டிவியில கார்ட்டூனாம்.

— சந்தோசமான விசயம்தானே தாயி!

— மொகத்த மாத்தணும்ங்கறாரு அங்கள். இந்த மூஞ்சி முத்தலா இருக்காம். இருவது வயசு மாதிரி, மெலிசா, செவப்பா வேணுமாம். வேற ஆளுங்க கம்ப்யூட்டர்ல வரைவாங்க. எனக்கு “ஆலோசகர்”னு பேரு போடுவாங்க. அவ்ளோதான் லா.

— பழைய மொகம் வெளிய எங்கயும் இருக்கக் கூடாதாம். யாரோ இந்த எடத்தப் போட்டோ புடிச்சி அவருக்கு அனுப்பிட்டாங்க. நாளைக்குக் கையெழுத்து. அதுக்குள்ள இதக் கழட்டணும். இதச் சொல்லத்தான் அண்ணே வந்தோம்.

— கழட்டணுமா.

— கோவமா அண்ணே?

— கோவமில்ல தாயி. இப்படித் திரும்பி ரோட்டப் பாரு. இந்த வளைவு. அந்தப் பக்கம் ஆறு. குல ஏத்துன லோரி வேகமா வந்தா திருப்ப முடியாது. நான் ஓட்டற காலத்துலயே எத்தன பேரு உள்ள போயிருக்கான். “மெதுவா போகவும்”னு பலக வெச்சாங்க. லோரிக்காரன் அந்தப் பலகையையே இடிச்சித் தள்ளிட்டுப் போனான். அப்பதான் இவ படத்தப் பாத்தேன். ஒரு கைய நீட்டி, நில்லுங்கற மாதிரி நிக்கிறா இல்ல? பேனர் கடையில பெருசா அடிச்சி மாட்டுனேன்.

— அப்ப இந்தக் கோயிலு?

— நான் எங்க கட்டுனேன்? நான் படம் மட்டும்தான் மாட்டுனேன். ஒருத்தன் மால போட்டான். ஒருத்தன் தகரம் கொண்டாந்தான். குல ஏத்தற சீனன் ஆரஞ்சுப் பழம் வெச்சிட்டுப் போறான். அன்னையிலேர்ந்து இந்த வளைவுல ஒரு லோரிகூட கவுழல தாயி. அந்தா, ஒருத்தன் வர்றான். பேசாமப் பாரு.

— வேகமா வர்றானே… இல்ல, மெதுவாக்கறான். மாடில்டா, மெதுவாக்கறான்டி!

— ஹார்ன் அடிக்கறான். யேசப்பா, கையத் தூக்கிக் கும்பிடறான்!

— அவன் அஸ்மான், மலாய்க்காரப் பையன். கும்பிடல தாயி, எனக்குக் கை காட்டறான். ஆனா மெதுவாத்தானே போறான்? அது போதும்.

— புனிதா. நான் இதக் கழட்ட மாட்டேன்.

— நான் மட்டும் கழட்டணும்னு துடிக்கிறேனா? ஆனா கெட்டி அட்ட புக்குடி! என் பிள்ளைங்க ஸ்கூல் லைப்ரரியில கையில எடுக்கற புக்கு. எத்தன வருசமா ஏங்கறோம்?

— அவ மொகம் இல்லாட்டி அது யாரு புக்கு? பேருக்கே அன்னிக்கு அந்தச் சண்ட போட்டியே?

— அப்ப எனக்குச் சின்ன வயசு, பயமில்ல. இப்ப பயமா இருக்கு மாடில்டா. இத விட்டா வேற வராதோன்னு பயமா இருக்கு.

— சண்ட போடாதீங்க தாயி. மாடி, உன்ன ஒன்னு கேக்கவா? இந்த மொகத்த எங்கேர்ந்து எடுத்த? மனசுல தோணுச்சா, யாரையாச்சும் பாத்தியா?

— பாத்தேன் அங்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் ஸ்டாண்டுல. ஒரு தாத்தா படியில ஒரு காலு வெச்சாரு, டிரைவரு பஸ்ஸ எடுத்துட்டான். அவரு தொங்கறாரு. எல்லாரும் நின்னு கத்தறாங்க. ஒரே ஒரு அம்மா, கையில மீன் பையோட, நேரா பஸ்ஸுக்கு முன்னால போயி நின்னாங்க. ஒரு கைய நீட்டுனாங்க. பஸ் நின்னுபோச்சி!

— அப்புறம்?

— டிரைவரக் கீழ எறக்கி, அந்தத் தாத்தாகிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சிட்டுத்தான் வழி விட்டாங்க. பேருகூட தெரியாது. வீட்டுக்குப் போன கையோட வரைஞ்சேன். ஏன் அங்கள் இப்படிச் சிரிக்கிறீங்க?

— சிரிக்காம? அன்னிக்கு எங்க வீட்டுல மீன் கொழம்பு இல்ல தாயி. அந்தத் தள்ளுமுள்ளுல மீனு பூரா நசுங்கிப்போச்சி!

— என்னா அண்ணே சொல்றீங்க?

— அது என் சம்சாரம். புஷ்பவள்ளி. இந்தத் தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்கற மண்டோரா இருந்தவ. பேத்தி போன்ல இந்தப் படத்தப் பாத்ததும் கையில இருந்த டீயக் கீழ போட்டுட்டேன். சும்மாவா மாட்டுனேன்? இந்த ரோட்டுல ஓட்டறவன்ல பாதிப் பேரு அவகிட்ட திட்டு வாங்கி வளந்தவன். சாமிக்குப் பயப்படாதவனும் அவளுக்குப் பயப்படுவான்.

— அவங்க… இப்ப…

— இப்ப என்னா? சாப்பாடு எடுத்துக்கிட்டு வர்ற நேரம்தான். மோட்டர் சைக்கிள் சத்தம் கேக்குதா? மூக்கப் பெருசாப் போட்டவ யாருன்னு இத்தன நாளா தேடிக்கிட்டு இருக்கா.

— புனிதா, கார ஸ்டார்ட் பண்ணு.

— நில்லுடி. போன் அடிக்குது. ரவீந்திரன் சாரு. எடுக்கவா, வேணாமா?

— ஏய்யா, பொண்ணுங்கள நிக்க வெச்சிட்டு என்னா இளிப்பு? யாரு இவங்க?

— புஷ்பா, கேளு. அந்தப் படத்த வரைஞ்சது இந்தப் பொண்ணுதான்.

— நீயா? கிட்ட வா. நல்லாப் பாக்கறேன்.

— ஆன்ட்டி, மன்னிச்சிக்குங்க. கேக்காம வரைஞ்சிட்டேன். மூக்கு கொஞ்சம்…

— மூக்குக்கு என்னா? சரியாத்தான் இருக்கு. இந்த மனுசன்தான் பெருசு பெருசுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. மண்டோரு வேலைய விட்டப்புறமும் நான் நீந்தறேன், கப்பல நிறுத்தறேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிறு எரியுது. நீ நல்லா இருப்ப. ஆமா, ஏன் ரெண்டு பேரும் அழுத மாதிரி நிக்கிறீங்க? அந்தப் போன் வேற கத்துது.

— புக்குப் போடறவரும்மா. உங்க மொகம் முத்தலா இருக்காம். செவப்பா, மெலிசா மாத்தணுமாம். இந்தப் படத்தையும் கழட்டச் சொல்றாரு.

— மொகம் யாருது?

— உங்களுது.

— கையெழுத்துப் போட்டாச்சா?

— நாளைக்கு.

— உனக்கு அந்தப் புக்கு வேணுமா?

— வேணும்மா. ரொம்ப வேணும். ஆனா… இந்த மொகத்தோட வேணும்.

— இவ்ளோதானே? அதுக்கு ஏன் அழுவற? போனக் குடு.

— ஆன்ட்டி, அவரு பெரிய ஆளு லா…

— பஸ்ஸ விடவா பெருசு தாயி? அவகிட்ட குடு.

— குடுங்கறேன்ல. ஹலோ, ரவீந்திரன் தம்பியா? நான் அலையாத்தி பேசறேன்.