மறுக்கப்படாத அறிக்கை

ஓம் சேர், வெள்ளவத்தையிலிருந்து ரயிலில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். கடல் பக்கம் இடம் கிடைத்தால் அன்றைய நாள் நன்றாகப் போகும்.

உங்கள் விசாரணைக் கேள்விக்கு வருகிறேன். இடிந்துபோன கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி பற்றிய எஞ்சினியர் அறிக்கை, கேட்டவருக்குக் கொடுக்கப்பட்டதா? கொடுக்கப்பட்டது. அந்தத் தொடர்மாடிக்குப் பொறுப்பான எங்கள் திணைக்களத்தின் தகவல் அலுவலர் நான். என் கையால்தான் கொடுத்தேன். ஒரு பக்கமும் குறையவில்லை. நாங்கள் எந்த விண்ணப்பத்தையும் மறுத்ததில்லை. வருடாந்த அறிக்கையில் அதைப் பெருமையாகப் போடுவோம்.

கேட்டவர் செலீன் அன்ரி. அந்தத் தொடர்மாடியில்தான் இருந்தார். பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதற்குப் பயந்து மகள் றஷ்மி தெமட்டகொடையில் வாடகை அறைக்குப் போய்விட்டாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று யாரோ சொல்லி, அன்ரி எங்களிடம் வந்தார். எப்படி எழுதுவது என்று தெரியாமல் நின்றவருக்கு நானே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். உதவ வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

அறிக்கை சிங்களத்தில் இருந்தது. ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டும் என்பது அதன் கடைசி வரி. கொடுக்கவேண்டாம் என்றார் பணிப்பாளர். அத்தனை குடும்பங்களையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் கவலை நியாயமானது. ஆனால் அவருக்குச் சட்டம் பிடிபடவில்லை. மறுத்தால் மேன்முறையீடு செய்வார்கள், ஆணைக்குழுவுக்குப் போவார்கள், பத்திரிகைக்காரர் வருவார்கள். கொடுத்துவிட்டால் ஒருவரும் எங்கும் போகமாட்டார்கள். இதை அவருக்கு விளங்கப்படுத்தியது நான்தான். இதற்காக ஒரு சதமும் வாங்கவில்லை.

அன்ரி சிங்களம் நன்றாகக் கதைப்பார். வாசிக்கத் தெரியாது.

"தம்பி, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ. நல்லதோ கெட்டதோ?"

நான் ஆறுதலாகப் பக்கங்களைப் புரட்டினேன்.

"மேற்பூச்சுத்தான் வெடிச்சிருக்காம் அன்ரி. உங்களையும் என்னையும் வழியனுப்பிப்போட்டுத்தான் அந்தக் கட்டடம் போகும்."

சிரித்துவிட்டார். "அப்ப இவள் றஷ்மிதான் பயந்தாங்கொள்ளி. இண்டைக்கே வரச்சொல்லுறன். கந்தோரில ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறது எவ்வளவு நிம்மதி, மாதாவே."

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்தார். பக்கத்து வீடுகளில் சிங்களம் வாசிப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் நான் ஏற்கெனவே வாசித்துவிட்டேனே, வேறு யாரிடம் அவர் காட்டப்போகிறார்? அன்று ஒரு மனிதரைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பினேன். அரசாங்கக் கந்தோரிலிருந்து எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள்?

பெய்த மழையில் கட்டடத்தின் பின்பக்கம் அப்படியே விழுந்தது. அன்ரி காலைப் பூசைக்குப் போயிருந்தார். றஷ்மி உள்ளே படுத்திருந்தாள். மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் இருந்தார்கள்.

செத்தவீட்டுக்குப் போனேன் சேர். போகாமல் விடுவது முறையல்ல. அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் என்ன செய்வியள் தம்பி? உள்ளதைத்தானே வாசிச்சனீங்கள். எழுதினவன் பொய் எழுதிப்போட்டான்."

நான் அவரைத் திருத்தவில்லை. அந்த நேரத்தில் திருத்துவது கொடுமை.

அறிக்கையில் பொய் இல்லை. நான் வாசித்ததில்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும். அன்ரி இப்போது விண்ணப்பம் போடப் பழகிவிட்டார். இந்த வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்டு உங்களிடமும் வருவார். மறுக்காதீர்கள். முழுதாகவே கொடுங்கள். நீங்களும் சிங்களத்தில்தானே எழுதுகிறீர்கள். அவருக்கு வாசித்துச் சொல்லும்போது மட்டும், பொய் சொன்னது அந்த எஞ்சினியர்தான் என்று சொல்லிவிடுவீர்களா, சேர்?