தொட்டிக்கு ஒரு மேஸ்திரி

டீயைக் குடியுங்கள் மச்சான், ஆறிவிடும். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். உங்கள் தங்கை எவ்வளவு போடுவாள் என்பதை இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன்.

அவள் ஏன் மகள் வீட்டோடு போய்விட்டாள் என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

மகளும் மாப்பிள்ளையும் எங்களோடு குடியேறியபோது மாப்பிள்ளை கொண்டுவந்த சொத்து இந்தக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கப்பி மீன்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி. என்னைத் தெரியுமே. குடோனில் மூட்டை தூக்கினேன், பிறகு தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியானேன், இடுப்பு போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பகலில் மற்ற மூவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் தொட்டியும்தான். ஆளை மேய்த்த கண் சும்மா இருக்குமா?

பார்த்தவரையில் அங்கே உழைப்பு என்ற பேச்சே கிடையாது. வயிறு தள்ளிய சாம்பல்நிறப் பெண்மீன்கள் அவைபாட்டுக்கு மேய்கின்றன. ஆண்கள் வண்ண வாலை விரித்து, உடம்பை வளைத்து ஆடிக்கொண்டு அவற்றின் பின்னாலேயே அலைகின்றன. ஒருத்தி மதித்த ஆணைத்தான் அடுத்தவளும் மதிக்கிறாள். குட்டி போட்டால் பெற்றவளே விழுங்குகிறாள். ஆளாளுக்கு நாட்டாமை. இது மேஸ்திரி இல்லாத கூட்டம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டிக்குத்தான் போவார்கள். ஆரஞ்சு வால்காரன் ஒருவன், உங்கள் தங்கை விரல் வைத்த இடத்துக்கு ஓடி வருவான்.

"வாடா ராசா, சாப்டியா?" என்பாள்.

எதிர் நாற்காலியில் நான் இருப்பேன். அது இங்கே முக்கியமில்லை.

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போய் உள்ளங்கை அகலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கறுத்த உடம்பு, முன்னால் நீட்டிய தாடை.

"அண்ணே, இது மத்ததோட ஒத்துப் போகாதுண்ணே," என்றான் கடைக்காரன்.

"மேஸ்திரின்னா அப்படித்தாம்ப்பா இருக்கணும்."

பகலில் அதற்குத் தொட்டியில் வேலை. மற்றவர்கள் வருவதற்குள் துணி துவைக்கிற இடத்தில், மூடி போட்ட வாளியில் ஓய்வு. எனக்குக்கூட இவ்வளவு ஒழுங்கான ஷிப்ட் கிடைத்ததில்லை.

பலன் உடனே தெரிந்தது. ஆட்டம் நின்றது. எல்லாம் ஒரு மூலையில் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. அந்த ஒற்றுமையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பிறகு இரண்டு பேர் கூட்டத்தை விட்டு மெதுவாக முன்னால் வந்து, மேஸ்திரியின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குடோனிலும் இப்படித்தான். குடிதண்ணீர் கேட்க இரண்டு பேர் முன்னால் வருவார்கள். அவர்களுக்கு மறுநாள் வேலை இருக்காது.

இங்கே முதலில் வந்தவன் அந்த ஆரஞ்சு வால்காரன். இரண்டாவது தடவையும் வந்தான். அதோடு சரி.

"ராசாவக் காணோமே மாப்ளே?"

"எனக்கும் புரியல அத்தை. செத்திருந்தா மிதக்கணுமே."

"தண்ணி மாத்துற கை சரியில்லைன்னா மீன் என்ன பண்ணும்?" என்று நான் கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

கூட்டம் கரையக் கரைய மாப்பிள்ளையும் கரைந்தான். தண்ணீரை மாற்றினான், தீனியை மாற்றினான், ஒருநாள் தொட்டி முன்னால் குந்தி அழவே செய்தான். மகள் மாசமாக இருந்தாள். "மீனையே காப்பாத்தத் தெரியல, பிள்ளைய என்னத்தக் காப்பாத்தப் போறான்" என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். அந்த வாரமே தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார்கள். தொட்டியை எடுத்துப்போக அவனுக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகும் உங்கள் தங்கை இருந்தாள். துணி ஊறவைக்க வாளி மூடியைத் திறக்கும்வரை இருந்தாள். கேட்டாள், சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே, வரிசையாக.

"ஏங்க, அதுங்க உங்கள என்ன செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல."

அது உண்மை. ஒன்றுமே செய்யவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையும் மகளும் அப்படித்தான்.

"இனிமே அதையே மேய்ச்சுக்கிட்டு இருங்க," என்று பையைத் தூக்கினாள்.

மேய்க்கிறேன். இப்போது அதற்கு வாளி தேவையில்லை, முழுநேர வேலை. தொட்டியில் ஒரு குப்பை கிடையாது, சண்டை கிடையாது. நான் கண்ணாடி அருகே போனால் வந்து நின்று உற்றுப் பார்க்கிறது. இந்த வீட்டில் என்னைப் பார்த்து எழுந்து வருகிற உயிர் அது ஒன்றுதான்.

உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள் மச்சான், வீடு ஒழுங்காக இருக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் ஆள் எண்ணினேன். ஒருவரும் குறையவில்லை. இரண்டு மேஸ்திரிகளும் இருக்கிறோம்.