ஓடைக்கு மேலே யாரும் போவதில்லை

பெயர் நாகலிங்கம் விஜயகலா. வயது 36. முகவரி கல்லந்தென்னத் தோட்டம், மேற்பிரிவு, இரண்டாம் லயம், றக்வான. தொழில் தேயிலைக் கொழுந்து எடுத்தல். கணவர் மாரிமுத்து கிருஷ்ணராஜ், அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை செய்பவர். 2007 ஓகஸ்ட் 14ஆம் திகதி காலை நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, தமிழ் எழுதத் தெரிந்த சார்ஜன் புவாட் அவர்கள் எழுதிக்கொள்ள, பெண் கொஸ்தாப்பல் ஒருவர் பக்கத்தில் இருக்க, சொல்வதாவது:

எங்கள் ஓடைக்கு மேலே காட்டு மரத்தில் கட்டியிருந்த, படம் பிடிக்கும் பெட்டியை அறுத்து உடைத்தார் என்று என் கணவர் நேற்றிலிருந்து இந்த நிலையத்தில் அடைபட்டிருக்கிறார். இன்று அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். காட்டுப் பன்றிக்குக் கண்ணி வைத்த பழைய வழக்கில் அவருக்கு ஒத்திவைத்த தண்டனை இருப்பதால், இந்த முறை உள்ளே போனால் சீக்கிரம் வர மாட்டார். பெட்டியை உடைத்தது அவர் இல்லை. நான்.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளாக உள்ள எங்கள் லயத்துக்குக் கக்கூஸ் கிடையாது. இருந்தது 2003ஆம் ஆண்டுப் பெருமழையில் மண்ணோடு சரிந்து போனது. கட்டித் தருகிறோம் என்று வந்து அளந்தவர்கள் பலர், கட்டியவர் யாரும் இல்லை. ஆண்கள் ஓடைக்குக் கீழே போவார்கள். பெண்கள் விடியுமுன்னும் இருட்டின பின்னும் ஓடைக்கு மேலே மூங்கில் பற்றைக்குப் பின்னால் போவோம். இதை நான் சார்ஜன் அவர்களிடம் சிங்களத்தில்தான் சொன்னேன். தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் எழுதிக்கொண்டார்.

அந்த நேரங்களில் எங்கள் லயத்து ஆண் எவனும் ஓடையைத் தாண்ட மாட்டான். மாடு அவிழ்த்துக்கொண்டு போனாலும் வெளிச்சம் வந்த பிறகுதான் தேடப் போவான். குடித்துவிட்டு லயத்தையே புரட்டிப் போடுகிறவன்கூட ஓடைக்கல் வரை வந்து திரும்பிவிடுவான். இதைப் பற்றி ஆணும் பெண்ணும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை, பேசவும் மாட்டோம்.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு, ஆற்றின் நீரேந்துப் பகுதி முழுவதையும் சேர்த்து வனவிலங்கு சரணாலயம் ஆக்கத் திட்டம் போடுகிறவர்கள் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். கோயில் முன்னால் கூட்டம் வைத்து, பெரிய வரைபடம் ஒன்றை விரித்து நான்கு பக்கமும் கல் வைத்தார்கள். ஆட்கள் போய்வரும் இடத்துக்கு மஞ்சள், போகாத இடத்துக்குப் பச்சை, பச்சையெல்லாம் மிருகங்களுக்கு விட்டுவிடும் இடம் என்று விளக்கினார்கள். அவர்களோடு வந்த மிஸ் நல்ல மனுஷி. ஆண்களிடம் கேட்டு முடித்த பிறகு எங்கள் பக்கம் திரும்பி, விறகுக்கோ கீரைக்கோ வேறு எதற்காவதோ நீங்கள் ஓடைக்கு மேலே போவதுண்டா, தயங்காமல் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

முன்வரிசையில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொழிற்சங்கத் தலைவர் இராமசாமியும் கங்காணியும் இருந்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மாதர் சங்கத் தலைவி என்பதால் பின்னால் இருந்து என்னை இடித்தார்கள். அதன் பிறகு நான் எழும்பி, "இல்லீங்க மிஸ். ஓடைக்கு மேல எங்க பொம்பளைக யாரும் போறதில்லீங்க" என்றேன். ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் கண் முன்னாலேயே அந்த இடத்துக்குப் பச்சை பூசினார்கள். திரும்பி வரும்போது பக்கத்துக் காம்பரா வீட்டு வெள்ளையம்மா அக்கா என் முதுகில் தட்டி, நன்றாகச் சமாளித்தாய் என்றார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஆடி பிறந்ததும் மூங்கில் பற்றைப் பக்கம் திடீர் திடீரென்று வெளிச்சம் அடிப்பதாகப் பெண்கள் சொன்னார்கள். இடி இல்லாத மின்னல் என்றார்கள் சிலர். முனி நடமாடுகிறது என்று வெள்ளையம்மா அக்கா தேங்காய் உடைத்தார். முனிக்கு டோச் லைட் வாங்கிக் கொடுத்தது யார் என்று நான் கேலி பண்ணினேன்.

கடந்த வெள்ளிக்கிழமை விடியுமுன் நான் உட்கார்ந்திருந்தபோது அந்த வெளிச்சம் என் மேலேயே அடித்தது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க றக்வான ஸ்டூடியோவில் உட்கார்ந்தபோது அடித்த அதே வெளிச்சம் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எழும்பி டோச் அடித்துப் பார்த்தேன். மரத்தில் முழங்கால் உயரத்தில் வார் போட்டுக் கட்டிய பச்சைப் பெட்டி, நடுவில் கண்ணாடி. வெளிச்சம் பட்டதாக இத்தனை நாளும் சொன்ன ஒவ்வொருத்தியின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. அதில் கல்யாணம் பேசி முடித்த பிள்ளையும் உண்டு.

அதன் பிறகு வீட்டுக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பாமல் அவருடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், வாரை அறுத்து, பெட்டியைக் கல்லில் அடித்து உடைத்து, உள்ளே இருந்த பிலிம் சுருளை அதன் டப்பாவோடு எடுத்துக்கொண்டு பெட்டியை ஓடையில் எறிந்தேன். எந்தெந்த மிருகம் அங்கே திரிகிறது என்று பார்க்கத் திட்டக்காரர்கள் வைத்த பெட்டி அது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆள் போகாத இடம் என்று நான் சொன்னதை நம்பித்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். பெண்களிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். யாரும் வெளியே விடுவதில்லை என்று கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் பண்ணிக்கொண்டோம்.

பெட்டியைத் தேடி வந்தவர்கள் ஓடையில் அதைக் கண்டெடுத்தார்கள். வார் அறுபட்டிருந்த விதத்தைப் பார்த்துக் கவ்வாத்துக் கத்தி என்றும், அதனால் ஆண் வேலை என்றும், பழைய வழக்கு உள்ளவர் கிருஷ்ணராஜ் என்றும் பேச்சு வந்தது. நேற்றுப் பகல் கவ்வாத்து மலையில் வைத்தே அவரைப் பிடித்தார்கள். அவர் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார் என்பது அங்கே நின்ற ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் போக மாட்டார் என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று மாலை சோறு கொண்டுவந்தேன். அவர் கம்பிப் பக்கம் வந்து, "நான்தான் ஒடைச்சேன்னு சொல்லிட்டேன். நீ வாய தொறக்காத. அந்த எடத்த பத்தி கோர்ட்ல துருவித் துருவி கேப்பாங்க" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கத்தியை நான் துடைக்காமல் வைத்திருந்ததாக அவரே சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மூங்கில் பற்றைக்குப் போவதைச் சொன்னதைவிட இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று விடிய வெள்ளையம்மா அக்கா வந்து, ஆறுதலாகத்தான், "ஆம்பள உள்ள போனா வெளிய வந்துருவான் புள்ள. நம்ம மானம் போனா வருமா?" என்றார். இரவெல்லாம் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே வார்த்தைதான். இன்னொருவர் வாயால் கேட்டபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாகிவிட்டது. அதன் பிறகு காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் இங்கே வந்தேன்.

புருஷனைக் காப்பாற்ற எல்லாப் பெண்சாதியும் இப்படித்தான் வந்து சொல்வார்கள், அத்தாட்சி என்ன என்று சார்ஜன் அவர்கள் கேட்டார். அது நியாயமான கேள்வி. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிலிம் சுருளை அவிழ்த்து மேசையில் வைத்தேன். அடுப்பில் போட்டால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்று இத்தனை நாளும் அரிசி டின்னில் ஒளித்திருந்தேன். இதில் கடைசிப் படம் நான். அதைக் கழுவிப் பார்த்தால் நான் சொல்வது உண்மை என்று தெரியும். மற்றப் படங்களில் இருப்பவர்களின் பெயரைச் சொல்ல மாட்டேன், கோர்ட்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். றக்வான ஸ்டூடியோவில் மட்டும் கழுவக் கொடுக்க வேண்டாம், அங்கே இருப்பவர் எங்கள் எல்லோர் முகமும் தெரிந்தவர், இரத்தினபுரிக்கு அனுப்புங்கள், பெண் கொஸ்தாப்பலும் கூடப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பொறுப்பதிகாரியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சார்ஜன் அவர்கள் சொன்னார். வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று எழுதச் சொன்னேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார். எழுதத்தான் வேண்டும் என்று நின்றேன். கோயில் கூட்டத்தில் நான் சொன்னது பொய். அந்தப் பச்சை தப்பு. அதைத் திட்டக்காரர்களுக்கு அறிவித்து மாற்றச் சொல்லுங்கள். பெட்டிக்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள். அடுத்த பெட்டி கட்ட நேற்றே ஆள் வந்துவிட்டதாகக் கேள்வி. இன்று இருட்டினதும் எங்கள் பெண்கள் அங்கேதான் போக வேண்டும்.

சார்ஜன் அவர்கள் இதை முழுக்க எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடியும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் எடுக்கச் சொல்லவில்லை. என் கையாலேயே ஒப்பம் வைக்கிறேன்.

நா. விஜயகலா