என் கோட்டுப் பையில் பவானியின் முத்திரை

மேடையில் வீற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, காசிமேட்டு ஏலக்கூடத்தின் குரலாகிய செல்லம்மா அவர்களே, எர்ணாவூர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் நான் அண்ணன் என்று அழைப்பவருமான தவசிமுத்து அவர்களே, முன்வரிசையில் யார் முகத்தையும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் தண்டபாணி அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் மீனவச் சொந்தங்களே, ஷிப்டு முடிந்த கையோடு வந்து நிற்கும் தொழிலாளத் தோழர்களே! வழக்கறிஞர் அப்பாவுவின் வணக்கம்.

மேடை ஏறுவது எனக்குப் புதிதல்ல. கோர்ட்டில் கத்திக் கத்தித் தடித்த தொண்டை இது. இன்று இங்கே துக்கத்தோடு நிற்கிறேன். பயத்தோடும்தான்! என்ன பயம் என்று கடைசியில் சொல்லலாம் என்றுதான் நினைத்து வந்தேன். அதுவரை தாங்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைந்த நம் வழக்கறிஞர், நோட்டரி பப்ளிக் பவானி அவர்களின் முத்திரை என் கோட்டுப் பையில் இருக்கிறது.

நோட்டரி ஒருவர் இறந்தால் அவருடைய முத்திரையை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை மேசையில் தலை சாய்த்த பவானி எழுந்திருக்கவே இல்லை. அடக்கம் முடிந்து திரும்பியதும் அவர் கணவர் தண்டபாணி அதை என் கையில் வைத்தார். "நீயே எட்த்துகினு போய் குட்த்துடு நைனா, என்னால அத்தப் பாக்க முடியல" என்றார். வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஏன்? எர்ணாவூர்க் குடியிருப்புக்காரர்களுக்கு அது தெரியும். "இந்த வீட்டில் நான்தான் குடியிருக்கிறேன்" என்று ஒவ்வொரு குடும்பமும் நோட்டரி முன்னால் உறுதிமொழி எடுத்து, பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நாளை, திங்கட்கிழமை மாலை கடைசி நேரம். தராதவர்களின் வீட்டு ஒதுக்கீடு ரத்தாகலாம் என்று குடியிருப்பு வாரியத்தார் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பத்திரங்கள் அடித்துத் தயாராக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார் பவானி. வியாழக்கிழமையே போய்விட்டார்!

சற்று முன் இந்த மண்டபத்து வாசலில் தவசிமுத்து அண்ணன் என்னை ஓரங்கட்டினார். ரகசியமாகச் சொன்னதை மேடையில் சொல்கிறேன், அண்ணன் மன்னிக்கட்டும். "சீலு உன்கிட்டதான கீது? புதன்கிழமை தேதி போட்டு அட்சிக் குட்த்துடு. அம்மா இருந்திருந்தா அட்சிருப்பாங்களா இல்லியா?" என்று கேட்டார்.

அடித்திருப்பார். அதுதான் என்னை வாட்டுகிறது. அதில் ஒரு பத்திரம்கூடப் பொய்யில்லை. எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள். பையில் முத்திரை, மேசையில் மை. யாருக்குத் தெரியப்போகிறது?

தோழர்களே, பவானி எப்படி நோட்டரி ஆனார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "அம்மா எடத்துல நீயே குந்திக்க வேண்டியதுதான?" என்று இந்த மூன்று நாளாக என்னைக் கேட்காதவர் இல்லை. ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார இதென்ன பஸ் சீட்டா? வழக்கறிஞராகப் பத்தாண்டு தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழாண்டு. பிறகு விண்ணப்பம். அதில் ஒரு மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட வேண்டும், அரசு வங்கி மேலாளர் போட வேண்டும், வியாபாரி ஒருவர் போட வேண்டும். அதோடு அந்த வட்டாரத்துப் பிரமுகர்கள் இருவர். அப்புறம் நேர்காணல். அதில் தேறினால் பதிவேட்டில் பெயர் ஏறும், சான்றிதழ் வரும். அதுவும் ஐந்தாண்டுக்குத்தான். மறந்துபோய்ப் புதுப்பிக்காமல் விட்டால் முத்திரை வெறும் இரும்பு.

பிரமுகர் என்றதும் எங்களைப் போன்றவர்கள் எங்கே ஓடுவோம்? கரை வேட்டியைத் தேடி ஓடுவோம். பவானி எங்கே போனார்? ஏலக்கூடத்துக்குப் போனார்! இதோ அமர்ந்திருக்கும் செல்லம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். நேர்காணலில் ஒரு பெரியவர் சிரித்தாராம். "மீன் ஏலம் விடுகிறவர் பிரமுகரா?" என்று கேட்டாராம். பவானி சொன்ன பதிலை எத்தனையோ முறை எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறார். "ஐயா, விடியக்காலையில் காசிமேட்டுக்கு வந்து பாருங்கள். இவர் வாயைத் திறந்தால் கரையே அடங்கும். அடங்க வைக்கிற வேறொருவர் எங்கள் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், அவரிடமும் வாங்கி வருகிறேன்." செல்லம்மா, தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். உள்ளதைத்தான் சொல்கிறேன்.

அப்படி வாங்கி வந்த முத்திரையை அவர் எப்படி வைத்துக்கொண்டார்! எந்தத் தாளை நீட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஆளு எங்க?" தாளைப் பார்க்க மாட்டார். ஆளைப் பார்ப்பார். "வூட்ல கீறாரு மேடம்" என்றால் தாள் அப்படியே திரும்பி வரும். எத்தனை பேர் அவரைத் திட்டியிருக்கிறோம்! "இந்தம்மாகிட்ட வந்தா ஒரே பேஜாரு" என்று முணுமுணுத்தபடி படி இறங்காதவர் இந்தக் கூட்டத்தில் உண்டா?

ஒருநாள் ஒருவன் வந்தான். தாய் தம் வீட்டை மகனான அவனுக்கே விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரம். கைநாட்டு இருந்தது, சாட்சி இருந்தது. "ஆளு எங்க?" என்றார் பவானி. "கீழ ஆட்டோவுல கீது மேடம், கால் வலி, ஏற முடியாது" என்றான். பவானி செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஆட்டோவில் டிரைவர்தான் இருந்தார். அதே ஆட்டோவில் ஏறித் திருவொற்றியூருக்குப் போனால், அந்தத் தாய் அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் தெரியாது அவருக்கு. அந்த வீடு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் இங்கே மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், பெயரைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார். நீங்கள் அழ வேண்டாம் அம்மா, எனக்கும் வந்துவிடும்.

ஆள் வர முடியாவிட்டால் இவர் போவார். வள்ளூரில் அனல்மின் நிலையத்து வேலையில் இடுப்பொடிந்து கிடந்தவரிடம் போனார். விசைப்படகு கரைசேரும்வரை துறைமுகத்தில் நின்று, ஐஸ் பெட்டிமேல் பதிவேட்டை விரித்துப் படகுக்காரரிடம் படகுப் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்கினார். அவர் பதிவேட்டில் இன்றைக்கும் இறால் வாசனை அடிக்கும்.

இப்போது சொல்லுங்கள். இந்த முத்திரையை நான் எடுத்து, இல்லாத ஒருவர் இருப்பதாகத் தேதி போட்டு அடிக்கலாமா? நாளைக்கே ஒரு குமாஸ்தா அதைக் கண்டுபிடித்தால், எர்ணாவூர்ப் பத்திரங்கள் மட்டுமா போகும்? அவர் இதுவரை அடித்த ஒவ்வொரு முத்திரையையும் சந்தேகப்படுவார்கள். அந்தத் தாயின் வீட்டுக்கும் கேள்வி வரும். உங்கள் படகுக்கும் வரும். செத்த பிறகு பவானியைப் பொய் சொல்ல வைக்க என்னால் ஆகாது. ஆகவே ஆகாது!

இதைச் சொல்வதில் எனக்கு நஷ்டம் உண்டு. நானும் நோட்டரிக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். பவானிதான் நச்சரித்து எழுத வைத்தார். "உனக்கு வாய் ஜாஸ்தி அப்பாவு, ஆனா பொய் சொன்னா காது செவந்துடும். நோட்டரிக்கு அது போதும்" என்பார். எல்லாக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. பாக்கி ஒன்று. அது வட்டாரப் பிரமுகராகத் தவசிமுத்து அண்ணன் போட வேண்டிய கையெழுத்து. அண்ணன் இப்போது என்னைப் பார்க்கிற பார்வையில் அது கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் குறை சொல்லவில்லை. தெருத்தெருவாக அந்த ஜனங்களுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

ராயபுரம் நோட்டரி ஷம்ஷாத் அவர்கள் பின்வரிசையில் இருக்கிறார். கூட்டம் தொடங்குமுன் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். நாளைக் காலை எர்ணாவூர் சமுதாயக் கூடத்துக்கு வருகிறேன் என்றார். அவருக்கும் ஒரே நிபந்தனைதான், ஆள் நேரில் வர வேண்டும். கூலி போகும், ஷிப்டு போகும், தெரியும். நாளை மாலைக்குள் எல்லாம் முடியுமா? தெரியாது. முடியாவிட்டால் வாரிய அலுவலக வாசலில் நின்று அவகாசம் கேட்டுக் கத்துவேன். கிடைக்குமா? அதுவும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று, மேடையில் இருக்கும் பவானியின் படத்துக்கு முன்னால் சொல்ல மாட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியில் எழுந்து மௌனமாக நிற்போம். இன்று மௌனம் வேண்டாம். மௌனத்தை வைத்துக்கொண்டு பவானி எதற்கும் முத்திரை அடித்ததில்லை. நாளைக்கு வர வேண்டியவர்கள் பெயரைக் கூப்பிடுகிறேன். அவர் கேட்டதைப் போலவே கேட்கிறேன். எழுந்து அவர் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

பாரி! ஆளு எங்க? ...எழுந்துவிட்டார். நன்றி தம்பி. ரமாபாய்! ...மெதுவாக எழுந்திருங்கள் அம்மா, கேட்டது. வெற்றி! ...ஜெயஸ்ரீ, நீ உட்காரம்மா. உன் புருஷன் வெற்றிதான் வர வேண்டும். கடலில் இருக்கிறானா? படகு நாளைக் காலை வரும் என்கிறாயா? வரட்டும். காற்று அடங்கி, நல்லபடியாக வரட்டும். ஷம்ஷாத் அவர்களை நான் துறைமுகத்துக்கு அழைத்துப் போகிறேன், ஐஸ் பெட்டி அங்கேயே இருக்கிறது.

இதோ முத்திரை. எல்லோரும் பார்க்க இந்தத் துணியில் முடிந்து, சங்கத் தலைவர் கையில் தருகிறேன். நாளைக்கு எர்ணாவூர் வேலை முடிந்ததும் இருவரும் போய் அரசாங்கத்திடம் ஒப்படைப்போம். எனக்கு ஒன்று கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பவானி, உன் கேள்வியை இந்தக் கரையில் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

என் கையிலிருக்கும் பத்திரக் கட்டில் இன்னும் ஒரு தாள் இருக்கிறது. எர்ணாவூரில் குடியிருக்கிற சங்கத் தலைவரும் தன் வீட்டுக்குப் பத்திரம் தர வேண்டும்தானே?

தவசிமுத்து! ஆளு எங்க?

...எழுந்துவிட்டார். அண்ணன் எழுந்துவிட்டார்! வாய் அசையுது, சத்தம் வரல. மைக்கு இந்தா, புடிண்ணே. நல்லா சத்தமா சொல்லு. படத்துல கீறவங்களுக்குக் கேக்கணும்.