கப்பலில் வெங்காய சூப்

— கொஞ்சம் நிறுத்துடி, புஸ்தகம். கேப்டன் செத்துக் கிடக்கான், பக்கத்துல உக்காந்து வெங்காய சூப் குடிக்கிறாங்களா?

— பசின்னு வந்தா குடிக்கத்தான் செய்வாங்க. எழுதியிருக்கிறதைத்தானே படிக்கிறேன், கரண்டி. நான் புஸ்தகம், நீ கரண்டி, அவங்கவங்க பேருக்கேத்த வேலையைப் பாப்போம். நீ பாட்டுக்கு நறுக்கு.

— இன்னிக்கு என் அடுப்புல வெங்காய சூப். நேத்து முட்டைக்கோஸ் வேக வெச்சேன், கப்பல்லயும் முட்டைக்கோஸ். முந்தாநாள் ரொட்டியைக் கருக விட்டேன், உடனே உன் கப்பல் தீப்பிடிச்சுது.

— துப்பறியும் கதையாக் கேட்டுக் கேட்டு உனக்கும் அந்தப் புத்தி வந்துடுச்சு.

— இந்தா பாரு. நேத்து நீ இங்கயே வெச்சுட்டுப் போன இதே புஸ்தகத்தைப் புரட்டிப் பாத்தேன். அதுல கப்பலே கிடையாது. மலை மேல ஒரு பங்களா. செத்தது ஒரு பாட்டு வாத்தியார்.

— ஹோட்டலை மூடினா உனக்கு வேற வேலையே இல்லையா?

— பேச்சை மாத்தாதே. மத்தியானக் கூட்டம் ஓஞ்சதும் லைப்ரரியிலேருந்து வருவே, நான் நறுக்குவேன், நீ படிப்பே. இத்தனை வருஷத்துல ஒரு வரி விட்டதில்லையேடி. இப்ப ஏன் இட்டுக்கட்டுறே?

— எழுத்து தெரியலடி.

— எப்பலேருந்து?

— மழைக்கு முன்னாடியே மங்க ஆரம்பிச்சுது. இப்ப வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியும், அவ்வளவுதான். டாக்டரும் கையை விரிச்சுட்டார்.

— அப்ப நெத்தியில அந்தக் காயம்? கதவு இடிச்சுதுன்னியே.

— லைப்ரரி படியில விழுந்தேன்.

— அடிப்பாவி. என்கிட்டகூடவா மறைப்பே?

— உனக்குத் தெரிஞ்சா என் பொண்ணுக்குத் தெரியும். உன் வாயில எது நின்னிருக்கு? அப்புறம் அவ வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுவா.

— போனா என்ன? பெத்த பொண்ணுதானே?

— தங்கமான பொண்ணுதான். ஆனா காலையில போனா இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வருவா. நாலு சுவத்துக்குள்ள நான் என்னடி பண்ணுவேன்? இங்க உன் அடுப்பு வாசனை இருக்கு. உன் திட்டு இருக்கு. கண்ணு போனாலும் இந்த நாற்காலியில உக்காந்தா எனக்கு எல்லாம் தெரியுது.

— அவகிட்டயும் கதை சொல்லேன்.

— அவளுக்கு எங்க நேரம்? சின்ன வயசுலயே "அப்புறம் கேக்கிறேம்மா"ன்னு ஓடிடுவா. அந்த அப்புறம் இன்னும் வரல.

— சரி, போதும். விடு.

— என்ன போதும்? உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்? அவளுக்கு நான் அம்மா இல்லடி, ஒரு வேலை. போன் பண்ணுறதுகூட...

— நிறுத்துன்னு சொல்றேன்ல.

— அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, கரண்டி. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்.

— புஸ்தகத்தைப் புரட்டினதுமே சந்தேகம் வந்துடுச்சு, நேத்தே அவகிட்ட சொல்லிட்டேன். நீ எங்கயாவது விழுந்து கிடந்தா நான் எப்படிடி தாங்குவேன்?

— நல்ல சிநேகிதிடி நீ. எப்ப வர்றாளாம்?

— அம்மா. நான் கதவுப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். நீ என்னைத் தாண்டித்தாம்மா உள்ள வந்தே.